மகாராணிக்குப் பூசணி மசியல்

கத்தி பூசணிக்காயின் பாதியில் மாட்டிக்கொண்டது.

இழுத்தார். கத்தியோடு காயும் சேர்ந்து மேலே வந்தது. அப்படியே சமையல் மேடையில் ஓங்கிக் குத்தினார். கீழ்வீட்டு அம்மா வெளியே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். காய் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

ஓய்வு பெற்ற டெப்போ மேனேஜர் அவர். அத்தனை பஸ்ஸையும் ஒரே அதட்டலில் நிறுத்தியவர். இன்றைக்கு ஒரு பூசணிக்காய் அவரை மதிக்க மாட்டேன் என்கிறது.

எல்லாம் ஜன்னலோரம் படுத்திருக்கும் அந்த மகாராணிக்காக. மகாராணி என்றால் பூனை. மகள் விட்டுப்போனது.

"இந்த வீட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல இந்தப் பூனை இருக்கணும்" என்று ஒருநாள் வாய்ச்சவடால் அடித்தார். மகள் இரண்டையுமே விட்டுவிட்டு, ஆபீஸ் பக்கத்தில் ரூம் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். அந்த இடத்தில் பூனை வளர்க்கக் கூடாதாம்.

பூனைக்கு ஏதாவது என்றால் மட்டும் போன் பண்ணுங்கள் என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். அந்த 'மட்டும்' அவருக்குச் சுருக்கென்று தைத்தது. பண்ணுகிறேனா பார் என்று வீம்பு பிடித்தார். அவளும் லேசுப்பட்டவள் இல்லை, அவர் வளர்ப்புதானே. போன மழைக்காலத்தில் போனவள், இதுவரை ஒரு போன் பண்ணவில்லை.

இப்போது மகாராணி இரண்டு நாளாக ஒரு வாய் தொடவில்லை. மலச்சிக்கல் என்றார் டாக்டர். மஞ்சள் பூசணியை வேகவைத்து, உப்பு காரம் எதுவும் சேர்க்காமல், வழுவழுவென்று மசித்துக் கொடுக்கச் சொன்னார். சாயங்காலம்வரை சாப்பிடாவிட்டால் தூக்கிக்கொண்டு வர வேண்டுமாம்.

அப்படி ஆனால் மகளுக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு பூனையைச் சாப்பிட வைக்கத் துப்பில்லையா என்று அவள் கேட்பாள். அதற்கு இந்தக் காயோடு மல்லுக்கட்டிச் சாவதே மேல்.

கடையில் கீற்றாக நறுக்கித்தான் விற்றார்கள். கீற்று வாங்குவதா, நானா என்று முழுக்காயைத் தோளில் தூக்கி வந்த மகானும் இவர்தான். பூனைக்குத் தேவை ஒரு கிண்ணம்.

ஒருவழியாகக் காய் பிளந்தது. விதையையும் நாரையும் வழித்துப் போட்டார். தோலோடு வேகவைத்தால் பிறகு சுலபமாகக் கழன்றுவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அடுத்தவர் பேச்சை இவர் என்றைக்குக் கேட்டார்? பச்சைக் காயின் தோலைச் சீவினார். கூடவே கட்டைவிரலையும் கொஞ்சம் சீவினார்.

குக்கரில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றினார். பூசணிக்குள்ளேயே வேண்டிய தண்ணீர் இருக்கிறது என்பது குக்கரைத் திறந்த பிறகுதான் உறைத்தது. மசித்தால், கரண்டியில் நிற்காமல் ஓடியது.

வடிகட்டலாம் என்றால் டீ வடிகட்டி அடைத்துக்கொண்டது. நல்ல துணி எங்கே இருக்கும் என்று மகளுக்குத்தான் தெரியும். தேடித் தேடிக் கடைசியில் அகப்பட்டது, இஸ்திரி போட்டுப் பத்திரமாக வைத்திருந்த பழைய யூனிபார்ம் சட்டை. சட்டைக் கையின் நுனியில் முடிச்சுப் போட்டு, மசித்ததை உள்ளே ஊற்றி, குழாயில் கட்டித் தொங்கவிட்டார். அவருடைய அத்தனை வருஷத்து அதிகாரமும் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் வடிந்தது.

மிஞ்சியதை வழித்தெடுத்துக் கரண்டியால் தேய்த்தார். கட்டி இல்லை, நார் இல்லை. விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். பரவாயில்லையே என்று தானே சொல்லிக்கொண்டார். வேறு யார் சொல்வார்கள்?

ஆறவைத்த கிண்ணத்தை மகாராணி முன்னால் வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதட்டினார். கெஞ்சினார். ஜன்னலுக்கு வெளியே யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, 'என் தங்கமே' என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். பெற்ற மகளை அப்படிக் கூப்பிட்டு எவ்வளவு காலம் ஆயிற்று!

அது மோந்து பார்த்தது. ஒரு நக்கு நக்கியது. பிறகு தலையை உள்ளே விட்டு, கிண்ணம் தரையில் நகர நகர, அடிவரை வழித்துவிட்டது.

ஜெயித்துவிட்டார். இனி யாருக்கும் போன் பண்ண வேண்டியதில்லை.

வீடெல்லாம் பூசணி வாசம். சட்டை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஜெயித்ததைச் சொல்லிக்கொள்ள ஒருத்தரும் இல்லை. சீ, இந்த வயசில் இதென்ன என்று கண்ணைத் துடைத்ததில், கையிலிருந்த மசியல் முகமெல்லாம் அப்பிக்கொண்டது.

போனை எடுத்தார். முதல் மணி அடித்து முடிவதற்குள் மகள் எடுத்துவிட்டாள்.

"பூனை ரெண்டு நாளா எதையும் தொடலம்மா. நான் என்ன பண்ணியும் சாப்பிட மாட்டேங்குது. நீ வந்து பாத்தாத்தான்..."

மகாராணி அவர் காலை உரசிக்கொண்டு, இன்னும் வேண்டும் என்று கத்த வாயைத் திறந்தது. டெப்போ மேனேஜர் அவசரமாகப் போனைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் இன்னொரு கரண்டி வைத்தார்.