மாமரத்துக்கு வந்த இலையுதிர் காலம்

“மேல இருக்கிற இலைக்கும் அடிக்கணுமா, ஸயாமா?” என்று மாமரத்தின் உச்சிக் கிளையிலிருந்து கேட்டார் பள்ளிக் காவலாளி அழகப்பன்.

“கண்ணுக்குத் தெரியிறதுக்கெல்லாம் அடிச்சிருங்கண்ணே,” என்றாள் கீழே நின்ற ஜெயகுமாரி. பர்மாவில் ஆசிரியையை ‘ஸயாமா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

யாங்கோனின் புறநகரான மிங்கலாடோனில் உள்ள அந்த மழலையர் பள்ளியில் அவள் சேர்ந்து மூன்று மாதம் ஆகப் போகிறது. இன்னும் தற்காலிகம்தான். பள்ளி புதிதாக ஒரு வெளிநாட்டுப் பாடத்திட்டத்துக்கு மாறியிருந்தது. அந்த அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து அவள் வகுப்பைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் மறுபடியும் ஆற்றுக்கு அப்பால் தன்லியின் என்ற ஊரில் இருக்கும் தையல் தொழிற்சாலைக்கு விடியற்காலை பஸ் பிடிக்க வேண்டியதுதான். அந்த ஒருவர் நாளைக் காலை வருகிறார்.

எல்லாம் புத்தகத்தால் வந்த வினை. ‘இலையுதிர் காலம்’ என்றொரு பாடம் அதில் இருந்தது. பிள்ளைகள் மரத்தடியில் விழும் சிவந்த இலைகளைப் பொறுக்கி, ஆந்தையும் கிரீடமும் செய்து, பருவத்தைத் தங்கள் கையாலேயே கற்றுக்கொள்ள வேண்டுமாம். எந்த மாதம் என்று புத்தகத்தில் போட்டிருக்கவில்லை. தலைமையாசிரியை பூர்ணா அம்மா, பர்மிய வழக்கில் டோ பூர்ணா, போனில் தேடிப் பார்த்து, அக்டோபர் என்று முடிவு கட்டிவிட்டார். யாங்கோனிலோ அக்டோபரில் மழையே முழுசாக விடவில்லை. பள்ளியில் இருந்த ஒரே மரம் அந்த மா. அது குளித்துவிட்டு வந்த மாதிரி பச்சைப்பசேலென்று நின்றது.

ஜெயகுமாரி தயங்கித் தயங்கி இதைச் சொன்னாள். டோ பூர்ணா மரத்தை ஏற இறங்கப் பார்த்தார். தப்பு மரத்தின் மேல்தான் என்று தீர்மானித்தவர் போல, “பெயின்ட் அடிச்சிருவோம்,” என்றார்.

முதலில் பிள்ளைகளின் வாட்டர் கலரைப் பூசிப் பார்த்தார்கள். சாயங்கால மழை அதைக் கழுவிக்கொண்டு போனது. அப்புறம்தான் பள்ளிக் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சிவப்பு எண்ணெய்ப் பெயின்ட் நினைவுக்கு வந்தது. அழகப்பன் இரண்டு நாளாகக் கிளை கிளையாக ஏறி இலை இலையாகப் பூசினார். முசுறு எறும்புகள் அவரைக் கடித்தன. எறும்புகளிலும் சிலவற்றுக்குப் பெயின்ட் பட்டிருந்தது. புத்தகப் படத்திலிருந்த ஓக் மரக் கொட்டை என்னவென்று யாருக்கும் தெரியாததால், முக்கு வெற்றிலைக் கடையில் கொட்டைப் பாக்கு வாங்கி வைத்தார்கள்.

மறுநாள் அந்த அலுவலகத்து ஆய்வாளர் வந்தார். கோபிகிருஷ்ணன் என்று பெயர். சின்ன வயதிலேயே வெளிநாட்டுக்குப் போய்விட்ட யாங்கோன்காரர். அவர் வருவதற்கு முன்பே அழகப்பன் உச்சிக் கிளையில் போய் ஒளிந்துகொண்டிருந்தார். காற்று உதிர்ப்பது போல இரண்டிரண்டு இலையாகக் கிள்ளிப் போட வேண்டும் என்பது அவருக்கு உத்தரவு. அன்று காற்றே இல்லை. பெயின்டின் கனத்தில் இலைகள் மிதக்காமல் தொப்பென்று விழுந்தன, அதுவும் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த இடமாகப் பார்த்து.

பிள்ளைகளுக்கு ஒரே குஷி. விழுந்ததையெல்லாம் பொறுக்கி ஒட்டினார்கள். ஆந்தைகளுக்குப் பாக்குக் கண்கள் வைத்தார்கள். எல்லோருடைய விரலும் சிவந்திருந்தது. கோபிகிருஷ்ணன் நாலு வயதுச் செல்லக்கண்ணுவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

“இலை ஏன் சிவப்பா மாறிச்சு, சொல்லு பாப்போம்.”

அவள் ஆந்தையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அழகப்பன் மாமா அடிச்சாரு. தொடாதீங்க, இன்னும் காயல.”

இலை விழுவது சட்டென்று நின்றது. ஜெயகுமாரியின் மனக்கண்ணில் தையல் தொழிற்சாலைக்குப் போகும் விடியற்காலை பஸ் வந்து நின்றது. கோபிகிருஷ்ணன் எழுந்து, மரத்தை அண்ணாந்து பார்த்தபடியே அவளிடம் கேட்டார்.

“மரம் முழுக்கவா?”

இனி மறைக்க என்ன இருக்கிறது? “முழுக்க சார். ஒரு இலை விடல.”

மேலே இலைகளுக்கு நடுவிலிருந்து இரண்டு கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. டோ பூர்ணா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றார்.

கோபிகிருஷ்ணனின் குரலில் கோபம் இல்லை. பிள்ளைகளின் கைவேலை அருமை என்றார். ஒரு பாடத்துக்காக இவ்வளவு பாடுபட்ட பள்ளியைத் தான் எங்குமே பார்த்ததில்லை என்றார். ஜெயகுமாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“ஆனா ஒண்ணு,” என்று புத்தகத்தைக் கையில் எடுத்தார். “இது ஏப்ரல் மாசப் பாடமாச்சே. நம்ம ஆபீஸ் மெல்பர்ன்ல இருக்கு. அங்க இலை உதிர்றது ஏப்ரல்லதான். அக்டோபர்னா அங்க வசந்தம். எந்த ஊர்ப் பள்ளியா இருந்தாலும் மெல்பர்ன் கணக்குதான், மாத்தக் கூடாது. நான் பாக்க வந்தது வசந்த காலத்துப் பச்சை இலைப் பாடம். வெள்ளிக்கிழமை திரும்ப வர்றேன், அதைப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுர்றேன்.”

கார் போன பிறகும் ஜெயகுமாரியும் டோ பூர்ணாவும் மரத்தடியிலேயே நின்றார்கள். மேலே கிளை அசைந்தது. அழகப்பனின் கால் ஒன்று அடுத்த கிளையைத் தடவிக்கொண்டு இறங்கி வந்தது.

“அழகப்பண்ணே, இறங்காதீங்க,” என்றாள் ஜெயகுமாரி. “பச்சைப் பெயின்ட் வாங்கிட்டு வர்றேன்.”