தாய்மாமன் மடி

ஓட்டுநரில்லாத வாடகைக் கார் சுங்கச்சாலை நடுவில் படுத்துவிட்டது. உதவி எந்திரம் ஓடிவந்து, உள்ளே இருந்த சுடலைமுத்துவோடு சேர்த்து அதைச் சுங்கச்சாவடி வரை இழுத்துவந்து நிறுத்தியது.

“எங்கள் எல்லை இதோடு முடிகிறது. நன்றி!”

அந்தச் சாலையில் போகும் கார்களுக்குக் கை காட்டினால் நிற்கத் தெரியாது. தங்கை மகளுக்கோ அன்று காதுகுத்து. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது.

“செண்பகம், வேற யாரு மடியிலயாவது வச்சுக் குத்திருங்கம்மா. என்னால வந்து சேர முடியாது” என்று போனில் சொன்னான்.

“தாய்மாமன் நீ இருக்கயில இன்னொரு மடியா? உன்னைக் கூட்டிட்டுத் திரும்ப நேரம் பத்தாது. நாங்களே வாறோம், அங்கனயே இரிண்ணே.”

ஊர்ப்பாதை வழியாக மச்சான் டிராக்டரை விரட்டிக்கொண்டு வந்தார். பின்னால் பெட்டியில் குழந்தை, மாலை, ஆசாரி, கோயிலில் கூடியிருந்த சொந்தம் மொத்தமும். சாவடி நிழலில் சுடலைமுத்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மடியில் இருந்த குழந்தை ஊசி இறங்கியதும் வீறிட்டது.

எந்திரம் திரும்பிப் பார்த்தது. “இரண்டு அழுகுரல்கள் கேட்கின்றன. உதவி தேவையா?”

சுடலைமுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“வேண்டாம்ப்பா. அதான் டிராக்டர்ல வந்துருச்சே.”