கொழும்பே ஆடிய பாட்டு

“கொழும்பே ஆடுதே, இந்த டிஸ்கோ அடி எங்கயிருந்து வந்துச்சு?” டிவி பேட்டியில் ஒருமுறை கேட்டபோது, பாடகி சுலக்ஷனா சிரித்தே மழுப்பிவிட்டாள்.

ராகலைத் தேயிலைத் தோட்டத்தில் தப்படிக்கும் சித்தப்பா கேட்டது வேறு.

“அப்பன் சாவுக்கு வராதவளுக்கு ஆட்டமும் பாட்டும் ஒரு கேடா?”

“ஒருக்கா கேட்டுப்பாருங்க, சித்தப்பா.” அவள் அந்தப் பாட்டைப் போட்டுப் போனை நீட்டினாள்.

வேண்டாவெறுப்பாகக் காதில் வைத்தார். அவர் விரல்கள் தானாக முழங்காலில் தாளம் போட்டன. பிறகு நின்றன.

“இது அண்ணன தூக்கிட்டுப் போனப்ப நான் அடிச்சதுல்ல?”

“ஆமா. பிளேன் கெடைக்காம டுபாய்ல கெடந்தேன். அம்மா போன்ல காட்டுனாங்க. படம் தெரியல, ஒங்க தப்புச் சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு.”

பாட்டு இன்னும் முடியவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமலே எழுந்தவர், லயத்து வீட்டு வாசலைவிட்டு, அண்ணனைத் தூக்கிப்போன வழியில் இறங்கிப் போனார்.