ஜூலை முப்பத்தொன்று, மாலை ஆறு மணிக்குள்

"அந்த டெல்மரை இன்னிக்கே துரத்தணும். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள துரத்தணும்!" என்று எழுந்து நின்று கத்தினாள் கோரா.

பஃபலோ டாக்கர்ஸ் பேஸ்பால் அணி அப்போதுதான் கைக்கு வந்த பந்தை இன்னொரு முறை கோட்டைவிட்டிருந்தது. தொடர்ந்து பதினொரு தோல்வி. பன்னிரண்டாவது கண்ணெதிரே வந்துகொண்டிருந்தது.

"உக்காரும்மா, பின்னாடி இருக்கறவனுக்கு மறைக்குது," என்றார் பக்கத்து இருக்கை காஸ்மிர். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"மறைச்சா மறைக்கட்டும் விடுய்யா. இந்தக் கண்றாவியைப் பாக்காம இருந்தா அவனுக்குப் புண்ணியம்தான்," என்றான் லீராய். இந்த ஆட்டத்துக்காக மத்தியானமே முடிவெட்டும் கடையைப் பூட்டிவிட்டு வந்தவன். அந்த எரிச்சல் வேறு அவனுக்கு.

டெல்மர், டாக்கர்ஸ் அணியின் ஜெனரல் மேனேஜர். யாரை வாங்குவது, யாரை அடுத்த அணிக்குத் தள்ளிவிடுவது எல்லாம் அவர் பாடு. அன்று மாலை ஆறு மணியோடு இந்த வருடத்து ஆள்மாற்றம் முடிகிறது. அதுவரை அவர் நாற்காலி தப்பினால், முதலாளி இன்னும் மூன்று வருட ஒப்பந்தம் கொடுக்கப் போகிறார் என்று காலைப் பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்திருந்தது.

"மூணு வருஷமா? என்னால இன்னும் மூணு நாள் தாங்க முடியாது," என்றாள் கோரா.

"அஞ்சு வருஷம் வளர்த்து ஆளாக்கின குயின்டெரோவை அனுப்பிட்டு யாரை வாங்கினான்? மீசை முளைக்காத ரெண்டு பேரை. கிளியை வளர்த்துப் பூனை கையில குடுத்துட்டான்," என்றான் லீராய்.

"நாலு வருஷத்துல அவனுங்க தேறிடுவானுங்கய்யா," என்றார் காஸ்மிர்.

"அதுவரைக்கும் நீ இருப்பியா?"

"உன் கடையில கழுத்தை நீட்டாம இருந்தா இருப்பேன்."

"சரி, முழங்கால் போன ஹாக்கெட்டுக்கு எதுக்கு அத்தனை வருஷ ஒப்பந்தம்? அதுக்குச் சொல்லு பதில்."

"அது வந்து... அனுபவம்..."

"அனுபவம் எழுந்து ஓடுமா? அந்த ஆளு முதல் தளத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள நான் ரெண்டு பேருக்கு ஷேவ் பண்ணி முடிச்சிருப்பேன்!"

ஹாக்கெட் விஷயத்தில் டெல்மருக்காகப் பரிந்து பேச அந்த ஊரில் யாராலும் முடியாது.

கோரா மே மாதத்திலிருந்துதான் இந்த வரிசைக்கு வருகிறாள். பெரிய வைக்கோல் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வருவாள். ஆட்டத்தின் நெளிவுசுளிவு அவளுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் டெல்மரைத் திட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

"உன் வீட்டுக்காரர் ஒரு நாளாவது உன்கூட ஆட்டத்துக்கு வரக் கூடாதா?" என்று கேட்டார் காஸ்மிர்.

"அவருக்கு வேலை. கிறிஸ்துமஸ் அன்னிக்கும் வேலை," என்றாள் கோரா வெடுக்கென்று.

ஆறாவது இன்னிங்ஸின் நடுவில் பாப்டிஸ்டை வெளியே கூப்பிட்டார்கள். அணியில் உருப்படியாக ஆடுகிற ஒரே ஆள் அவன்தான். ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டுக்குள் அவன் நுழைந்ததும், கூட விளையாடுகிறவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து அவனைக் கட்டிப்பிடித்தார்கள்.

மற்ற நாளில் கட்டிப்பிடித்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஜூலை முப்பத்தொன்றில், பாதி ஆட்டத்தில் கூப்பிட்டுக் கட்டிப்பிடித்தால், ஆளை விற்றாயிற்று என்று பஃபலோவில் எல்லோருக்கும் தெரியும்.

"வித்துட்டான்யா! பாவி, பாப்டிஸ்டையும் வித்துட்டான்!" லீராய் அழுதே விட்டான்.

"இனிமே அவன் இருக்கக் கூடாது," என்றார் காஸ்மிர். அவருக்கே பொறுமை போய்விட்டது.

கோரா ஒரு நிமிடம் டக்அவுட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விறுவிறுவென்று இருக்கையின் மேல் ஏறினாள்.

"டெல்மரைத் துரத்து! டெல்மரைத் துரத்து!"

அந்த வரிசை கத்தியது. அடுத்த பகுதி கத்தியது. கொஞ்ச நேரத்தில் வந்திருந்த எட்டாயிரம் பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். பீர் விற்றுக்கொண்டிருந்தவர்கூடத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினார். மேலே கண்ணாடி அறையில் முதலாளி எழுந்து நின்று போனை எடுப்பது தெரிந்தது.

ஒன்பதாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் லீராயின் போனில் செய்தி வந்துவிட்டது.

"துரத்திட்டாங்க! ரசிகர்களோட கோபத்தை மதிச்சு டெல்மரை நீக்கிட்டாங்களாம்!"

காஸ்மிர் துள்ளிக் குதித்தார். கோரா முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்த செய்தியைப் படித்த லீராயின் குரல் இறங்கியது.

"யோவ், பாப்டிஸ்டை விக்கவே இல்லையாம்யா. அவன் பொண்டாட்டிக்குப் பிரசவமாம். பொண்ணு பொறந்திருக்காம். அதுக்குத்தான் எல்லாரும் கட்டிப்பிடிச்சிருக்கானுங்க."

காஸ்மிர் குதிப்பதை நிறுத்திவிட்டு இருக்கையில் உட்கார்ந்தார்.

"அடப்பாவமே! ஆறு வருஷமா ஆயிரம் தப்பு பண்ணினான், அதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகல. பண்ணாத தப்புக்கு வேலை போச்சே," என்றார் காஸ்மிர். "நாம செஞ்சது அநியாயம், கோரா."

அதற்குள் கோராவின் போன் அடித்தது.

"சொல்லு டெல்மர்," என்றாள் அவள். "ஆமா, கேள்விப்பட்டேன், பெரிய அநியாயம்தான். நீ நேரா வீட்டுக்கு வா, ஆறு வருஷத்துல இன்னிக்காவது நம்ம பொண்ணுங்களோட உக்காந்து சாப்பிடு. சாப்பிட்டுட்டு பாப்டிஸ்ட் குழந்தையைப் போய்ப் பாத்துட்டு வரலாம். காலையில வலி எடுத்தப்போ அவன் பொண்டாட்டியை ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ச் சேர்த்ததே நான்தான்."