ஆடத் தெரியாத தாத்தா

“என்ன தாத்தா இது, ஆடவே மாட்டேங்குது,” என்று ரத்தினபாய் ஆண்டி முணுமுணுத்தார். சர்ச்சின் கிறிஸ்துமஸ் பாட்டுக் குழுவோடு பீர்க்கன்கரணையில் ஐந்து வீடு பாடி முடித்தாயிற்று. கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடியும் சிவப்பு அங்கியுமாக ஓரத்தில் நின்று மிட்டாய் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“வருஷா வருஷம் நான்தானே ஆண்டி வேஷம் போடுவேன். இந்தத் தடவை பாஸ்டரே யாரையோ கூட்டிட்டு வந்துட்டாரு,” என்றான் டிரம் அடித்துக்கொண்டிருந்த ரவி. “ஒரு ஹேப்பி கிறிஸ்துமஸ்கூடச் சொல்லல. முகமூடிக்குள்ள தூங்குதோ என்னமோ.”

ஜெயப்ரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வீடு வேதசிரோமணியுடையது. வீட்டுக்குப் பின்னாலேயே அவருடைய பை தைக்கும் கம்பெனி. வேலை என்று சொல்லி ஒரிசாவிலிருந்து கூட்டிவந்த முப்பது பெண்பிள்ளைகளை அதற்குள்தான் பூட்டி வைத்திருந்தார்.

போன மாதம் அவர்களில் ஒருத்தி சுவரேறிக் குதித்து, ஆராதனை நடுவே சர்ச்சுக்குள் ஓடிவந்தாள். வேதசிரோமணி பின்னாலேயே வந்து, “நம்ம வீட்டுப் பிள்ளைதான், கோவிச்சுக்கிட்டு வந்துடுச்சு,” என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். சபையில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பாஸ்டர் எலியேசரும்தான்.

அதன்பிறகு ஜெயப்ரியா கலெக்டர் ஆபீசுக்கு இரண்டு மனு எழுதினாள். இரண்டு முறையும் அரசாங்க ஜீப் வந்தது. வாட்ச்மேன் சாவி தேடி கேட்டைத் திறப்பதற்குள் பிள்ளைகளை ஏரிப் பக்கக் கதவு வழியாக வெளியேற்றிவிட்டார்கள். உள்ளே தையல் மெஷின்கள்தான் இருந்தன.

“அவர் வீட்டுலயும் பாடணுமா பாஸ்டர்?”

“சபைக் குடும்பம்மா. விட முடியுமா?”

“அந்தப் பொண்ணுங்க?”

“ஜெபம் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

அவள் பாட்டுப் புத்தகத்தை மூடினாள். திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தாள். கால் கூட்டத்தோடு நடந்தது.

டிரம் சத்தம் கேட்டதுமே வாட்ச்மேன் கேட்டை விரியத் திறந்தான். வேதசிரோமணி கேக் தட்டோடு வாசலில் நின்றார். ஜெயப்ரியா மட்டும் பாடவில்லை. இரண்டு பாட்டு முடிந்தது.

“பின்னால இருக்கிற பிள்ளைங்களும் வரட்டுமே அண்ணாச்சி. தாத்தா மிட்டாய் கொடுப்பாரு,” என்றார் பாஸ்டர்.

வேதசிரோமணி தயங்கினார். இருபது பேர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “அதுக்கென்ன, நம்ம பிள்ளைங்கதானே,” என்று சிரித்து, வாட்ச்மேனுக்குக் கண் காட்டினார்.

பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். வெளிச்சத்தில் கண் கூசியது அவர்களுக்கு. சுவரேறிக் குதித்தவளின் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். தாத்தா ஒவ்வொரு கையிலும் ஒரு மிட்டாய் வைத்துக்கொண்டே போனார்.

“பூட்டி வெச்சிருக்கிற பிள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒரு மிட்டாய். நம்மால முடிஞ்சது இவ்வளவுதானா பாஸ்டர்?”

எல்லாருக்கும் கேட்கும்படி ஜெயப்ரியா இப்படிப் பேசியது அதுதான் முதல் முறை. பாஸ்டர் தலை நிமிரவில்லை. வேதசிரோமணியின் சிரிப்பு போய்விட்டது.

“போதும். இவங்கள உள்ள கொண்டு போ,” என்றார் வாட்ச்மேனிடம்.

தாத்தா குறுக்கே வந்து நின்று முகமூடியைக் கழற்றினார். உள்ளே, வியர்வையில் நனைந்த ஓர் இளம்பெண்ணின் முகம்.

“யாரும் உள்ள போக வேண்டாம். நான் சப்-கலெக்டர்.”