குறையில்லாத அறிக்கை

"அதையும் எழுதுங்கோ பிள்ளை. பெரிய மெஷின் நாலு மாசமாய்ப் படுத்திருக்கு," என்றார் கதிரவேலு.

கிறிஸ்ரினா பேனையை நிறுத்தி அவரைப் பார்த்தாள். மயிலிட்டித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஐஸ் கம்பனிக்கு அவள் கணக்காய்வுக்கு வந்து இது இரண்டாம் நாள். வழக்கமாக முதலாளிமார் பாதியைக் காட்டி மீதியை மறைப்பார்கள். இவரோ கேட்காததையும் சொன்னார்.

"காசோலையிலை ஆர் கையெழுத்து வைக்கிறது ஐயா?"

"நான்."

"அதைச் சரிபார்க்கிறது?"

"அதுவும் நான்தான். பணிப்பாளர் சபை எண்டால் நானும் மனிசியும். கூட்டம் சாப்பாட்டு மேசையிலை. அதையும் எழுதுங்கோ."

அவள் வெளியே வந்து, யாழ்ப்பாணத்தில் இருந்த தன் மேலதிகாரி ஜெபரட்ணத்துக்குப் போன் எடுத்தாள்.

"சின்னக் கொம்பனி, ஒராள் நிர்வாகம். குறை எண்டு எழுதிப்போட்டு வாரும்," என்றார் அவர்.

"போன மாசம் பாத்த ஹோட்டலிலை இதைவிடக் கனக்கக் குறை சேர். நாங்கள் ஒண்டும் எழுதேல்லையே?"

"அது பெரிய இடம் பிள்ளை."

"இங்கை கணக்கிலை ஒரு பிழையும் இல்லை. இவ்வளவு நேர்மையான மனிசனுக்குக் குறை எழுத என்னாலை ஏலாது."

"சரி, கொண்டு வாரும். கையெழுத்து வைக்கிறன்."

தபாலில் அனுப்ப வேண்டிய அறிக்கையை அடுத்த கிழமை ஸ்கூட்டியில் தானே கொண்டு போனாள்.

"ஒரு குறையும் எழுதேல்லை ஐயா. சேரோடை சண்டை பிடிச்சு வாங்கினனான்."

கதிரவேலு தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மெஷின்?"

"திருத்தக் குடுத்த ரசீது இருந்தது."

"சாப்பாட்டு மேசை?"

"அது குற்றமில்லை ஐயா."

அவர் மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார். கண் கலங்கியது. கிறிஸ்ரினா சிரித்தபடி தன் கைக்குட்டையை நீட்டினாள்.

உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி குணலட்சுமி அறிக்கையை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு முகம் மலர்ந்து கிறிஸ்ரினாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொம்பனியை விக்கமாட்டன் எண்டு நிண்ட மனிசன், கணக்காய்விலை ஒரு குறையும் வராட்டி விக்கிறன் எண்டு எனக்குச் சத்தியம் பண்ணினவர் பிள்ளை. இனி ஒரு சாட்டும் சொல்லேலாது, அடுத்த மாசமே கனடாவிலை மகன் வீட்டிலை நிப்பம்."