தயங்காத கைகள்

மகன் ரெக்சன் விளையாட்டுக்காகப் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கிக் கணினியில் மாட்டினான். காட்சியில் விடுபடுவதையெல்லாம் அதுவே ஊகித்து நிரப்பிவிடும். அதை நிறுத்த வழியில்லை.

மஸ்கட்டில் இருக்கும் என் கணவர் சூசையோடு அந்தக் கணினியில்தான் பேசுவேன். எங்கள் இருவருக்கும் காது கேட்காது. கைகளால் பேசிக்கொள்வோம். செல்பேசியின் சின்னத் திரையில் விரல்கள் பிடிபடுவதில்லை.

கிறிஸ்துமஸுக்கு வருவீர்களா என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். வருகிறேன் என்றன அவர் கைகள், வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு. நான் சிரித்தேன்.

புதன்கிழமை செல்பேசிக்கு எழுதியிருந்தார்: "லீவு கிடைக்கலன்னு சொன்னேன். அதுக்கு அப்படிச் சிரிக்கிறியே பிலோமி. நான் வராதது அவ்வளவு சந்தோஷமா?"

அதைக் காட்டியதும் ரெக்சன் தலையைச் சொறிந்தான். பிறகு கையாலேயே விளக்கினான். "அப்பா கை பாதில நின்னிருக்கும்மா. எது நின்னாலும் இந்தக் கார்டுக்குக் கோளாறுதான். எல்லாரும் வாரேன்னுதான சொல்லுவாங்க, அதையே போட்டு நிரப்பிட்டு."

"அப்போ உங்கப்பா எதுக்குல? இந்தக் கார்டையே கட்டிக்கிடுதேன். பழசை மாட்டு."

"அதைக் குடுத்துதாம்மா இதை வாங்குனேன்."

மனதுக்குப் பிடிக்காத எதைச் சொல்லும் முன்பும் அவர் கை நெஞ்சருகே ஒரு கணம் நின்றுவிடும். பதினெட்டு வருடங்களாக அந்த ஒரு கணத்தில்தான் அவரைப் படித்துவந்திருக்கிறேன்.

இன்று கணினி முன் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் அவருக்கு விளக்கினேன். கோபம் போய்விட்டதா என்று கேட்டேன்.

போய்விட்டது என்றன அவர் கைகள், கொஞ்சமும் தயங்காமல்.